ஒன்றையே கற்றவர்களும் பொட்டிப்புரமும்

தேனி ஜில்லாவில், போடி மேற்கு மலைச்சாரலில் பொட்டிப்புரம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்குள்ள மலையைச் சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரம் குடைந்து, 50,000 டன் இரும்புக் கருவியை உள்ளே வைத்து, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராய்வதற்கு மத்திய மந்திரிசபை 2015-ம் வருஷம் ஜனவரி மாதம் அனுமதி கொடுத்தது. செலவு சுமார் 1,500 கோடி ரூபாய். அதன்பின் நடந்த வாதப்பிரதிவாதங்களில் ஒரு கட்சியார் "விஞ்ஞானிகள் சொன்னால் போதாதா?" என்றார்கள். மற்றொரு கட்சியார் "விஞ்ஞானிகள் நம்மை அழிக்க வந்தவர்கள்" என்றார்கள். இந்த இரண்டு பேச்சும் பகுத்தறிவுக்குப் பொருந்தாதவை என்பது நமது தாழ்மையான அபிப்பிராயம்.

ஒருவன் தன் ஆயுள் பூராவும் ஒரே விஷயத்தை ஆராய்வதால் அனுகூலம் இல்லையா என்றால், நிச்சயமாக உண்டு. நியூட்ரினோ என்று ஒன்று இருக்க வேண்டும் என்று பௌலி என்பவர் 1930-ல் ஊகித்துச் சொன்னார். அதைக் கருவியில் பிடித்துக் காட்ட 1956 வரை ஆயிற்று. அதற்கு எடை உண்டு என்பதற்கு ஜப்பானில் அத்தாட்சி கிடைத்தது 1998-ல். நம் நாட்டிலேயே கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் 1965-ல் காற்று மண்டலத்திலிருந்து வரும் நியூட்ரினோவைக் கண்டார்கள். இவையெல்லாம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று தாவுகிறவர்களால் ஆகிற காரியமா? கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரரைக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கணுவில் கவாத்து வெட்டினால் குலை தள்ளும் என்பது நாலு புஸ்தகம் புரட்டினவனுக்குத் தெரியாது. இருபது வருஷம் அந்தப் பந்தலுக்குக் கீழேயே நின்றவருக்குத்தான் தெரியும்.

ஆனால், அதே தோட்டக்காரரிடம் கண் நோய்க்கு யாரும் வைத்தியம் கேட்பதில்லை. அவரும் சொல்லத் துணிவதில்லை. இந்த அடக்கம் பெரிய படிப்புப் படித்தவர்களுக்குப் பல சமயம் இருப்பதில்லை என்பதுதான் நாம் சொல்ல வந்த பிரதிகூலம். நியூட்ரினோவைப் பற்றி எல்லாம் அறிந்தவர், பாறையை வெடி வைத்துப் பிளந்தால் ஊர்க் கிணறு என்ன ஆகும், கல்லும் தூசியும் எங்கே போகும், காட்டு மிருகத்தின் வழி எது என்பவற்றையும் அறிந்தவர் ஆகிவிடுவாரா? இங்கே நடந்தது என்ன? இந்தத் திட்டத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் நிறுத்தி வைத்தது. அறிக்கை தயாரித்த ஸ்தாபனம் பறவைகளைப் பற்றிய ஆராய்ச்சியில் பேர்பெற்றதுதான். ஆனால் இத்தகைய திட்டத்தை மதிப்பிட அங்கீகாரம் பெற்றதல்ல என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா பக்கத்தில் இருப்பது மற்றொன்று. 2018-ல் மறுபடி அனுமதி வந்தது. 2022-ல் தமிழ்நாடு சர்க்கார், அது புலிகள் நடமாடும் வழி என்று காட்டி, இந்த இடத்தில் திட்டம் வேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்துவிட்டது. ஒரு துறையில் உள்ள கெட்டிக்காரத்தனம் மறு துறைக்குச் செல்லாது என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

இதில் ஆராய்ச்சியாளருக்கும் நஷ்டம் உண்டு. பல வாலிபர்கள் இந்த ஒரு கருவியை நம்பியே தங்கள் படிப்பை அமைத்துக் கொண்டார்கள். மதுரையில் 85 டன்னில் ஒரு சிறு மாதிரியும் செய்து வைத்தார்கள். கருவி வராவிட்டால் அவர்களுடைய வருஷங்களுக்கு யார் பதில் சொல்வது?

ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். "நியூட்ரினோ பட்டால் புற்றுநோய் வரும், ஊர் அழியும்" என்று கிளப்பிவிட்டவர்களை நம்பினவர்கள் பலர். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் வினாடிக்குச் சுமார் 6,500 கோடி வீதம், நாம் பிறந்தது முதல் பாய்ந்து கொண்டேதான் இருக்கின்றன. நாம் தூங்கும்போதுகூட பூமியைத் துளைத்துக் கீழிருந்து வருகின்றன. அவற்றால் ஒரு கெடுதியும் இல்லை. பொட்டிப்புரத்துக் கருவி அவற்றை உண்டாக்குவதற்கல்ல, எண்ணிப் பார்ப்பதற்கே. ஆகவே நியூட்ரினோவுக்குப் பயப்படுவது பேய்க்குப் பயப்படுவது போன்றதே. கிணற்றுக்கும், மேய்ச்சலுக்கும், காட்டுக்கும் பயப்படுவதோ முழு நியாயம். பொய்ப் பயத்தை மெய்ப் பயத்தோடு கலந்தவர்கள், மெய்ப் பயத்தையும் பரிகசிக்கும்படி செய்துவிட்டார்கள்.

ஆனால் அந்தப் பொய்ப் பயம் வளர யார் காரணம்? ஊராரோடு ஊராருடைய பாஷையில், ஆரம்பத்திலிருந்தே, அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லியிருந்தால் வதந்திக்கு இவ்வளவு இடம் இருந்திருக்குமா? "உனக்குப் புரியாது, நான் சொல்வதை ஒப்புக்கொள்" என்று புரோகிதன் சொன்னால் நாம் எதிர்க்கிறோம். அதையே பட்டதாரி சொன்னால் கைகட்டி நிற்க வேண்டுமா? புரியாத மந்திரம் சமஸ்கிருதத்தில் இருந்தாலென்ன, இங்கிலீஷில் இருந்தாலென்ன?

ஒரு தொழிலை ஒரு கூட்டத்தார் மட்டுமே அறிந்து, மற்றவர்களை எட்டி நிற்கச் சொன்னதன் பலனை இந்த நாடு ஆயிரக்கணக்கான வருஷங்களாக அனுபவித்து வருகிறது. ஆராய்ச்சியும் அப்படி ஒரு புது ஜாதி ஆகிவிடக் கூடாது. ஒரே விஷயத்தை ஆழமாகக் கற்பவர்கள் வேண்டும், நூற்றுக்கணக்கில் வேண்டும். ஆனால் தம் அறிவு எங்கே முடிகிறது என்பதையும் அவர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அந்த எல்லைக்கு அப்பால் நீரையும், பாறையையும், மிருகத்தையும் அறிந்தவரைக் கூப்பிட வேண்டும். அந்த மண்ணில் ஆடு மேய்ப்பவரையும் கூப்பிட வேண்டும். பொட்டிப்புரத்து ஆடு மேய்ப்பவரின் மகளும் நாளை அந்த நியூட்ரினோவை எண்ணுகிறவளாக வரும்படி பள்ளிக்கூடம் அமைய வேண்டும். அப்படி ஆகும் வரையில், விஞ்ஞானி சொன்னாலும் சரி, வேறு யார் சொன்னாலும் சரி, ஏன், எப்படி என்று கேட்டே தீருங்கள் என்று கம்பம் பள்ளத்தாக்குத் தோழர்களுக்குச் சொல்லி இதை முடிக்கிறோம்.