வெப்ப மருந்தும் குருதிக் குறியும்: புற்றுநோய் ஆய்வு குறித்து ஒரு நோக்கு

முன்னுரை

புற்று என்பது கறையான் எழுப்பும் மண்மேடு. வெளியே தெரிவது சிறு மேடு. உள்ளே ஓடுவதோ எண்ணற்ற வளைகள். மேட்டை இடித்துத் தள்ளினால் மட்டும் புற்று அழிந்துவிடுவதில்லை என்பதை நம் ஊர் உழவர் நன்கறிவர். 'புற்றுநோய்' என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் இவ்வுண்மை நம் நினைவுக்கு வருகிறது. அறுவை மருத்துவர் கட்டியை அகற்றலாம். கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சிய அணுக்களை என்ன செய்வது? எஞ்சியிருக்கின்றனவா என்பதையேனும் எவ்வாறு அறிவது? முதல் வினாவிற்கு விடை தேடிப் பிறந்தது வெப்ப மருந்து முறை. இரண்டாம் வினாவிற்கு விடை தேடிப் பிறந்தவை குருதிக் குறிகள்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு எனச் சிலர் வினவலாம். நம் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் தம் தாயாரின் இரத்தப் பரிசோதனை அறிக்கையுடன் துறைக்கு வந்தார். அதில் ஓர் எண்ணுக்குக் கீழே கோடிடப்பட்டிருந்தது. உடன் இணைக்கப்பட்டிருந்த ஆங்கிலத் தாளில் பெருஞ்செலவுள்ள ஒரு சிகிச்சையின் பெயர் இருந்தது. "ஐயா, நிலத்தை விற்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். இத்தாளில் என்னதான் எழுதியிருக்கிறது?" என்றார். நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. அந்த வெட்கத்தின் விளைவே இக்கட்டுரை.

ஓரிடத்தில் மட்டும் மருந்து

நரம்பு வழியே ஏற்றப்படும் கீமோதெரபி மருந்து உடல் முழுவதும் பரவுகிறது. புற்றணுக்களை அழிப்பதோடு எலும்பு மச்சையையும் குடலின் உட்படலத்தையும் மயிர்க்கால்களையும் தாக்குகிறது. ஆகவே மருந்தின் அளவை முடிவு செய்வது நோயின் வலிமையன்று, உடலின் பொறுமையே. நோயுள்ள பகுதியை மட்டும் தனிமைப்படுத்தி அங்கே மிகுதியாக மருந்து செலுத்த முடியுமானால் இத்தடையைக் கடக்கலாம் அன்றோ?

இவ்வெண்ணத்தை 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், டுலேன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிரீச், கிரெமென்ட்ஸ் ஆகிய மருத்துவர்கள் செயற்படுத்தினர். மெலனோமா என்னும் தோற்புற்று பரவிய உறுப்பின் குருதியோட்டத்தை உடலின் ஏனைய பகுதியினின்றும் பிரித்து, இதய அறுவையில் பயன்படும் கருவியின் துணையால் அவ்வுறுப்பினுள் மட்டும் மருந்தைச் சுழலவிட்டனர். காலையோ கையையோ வெட்டியெடுக்காமற் காப்பதே இம்முறையின் பெரும் நோக்கம். 1967ஆம் ஆண்டளவில் ஹூஸ்டனைச் சார்ந்த ஸ்டெலின் இதனுடன் வெப்பத்தையும் சேர்த்தார். அதே ஆண்டில் இத்தாலியின் கவலியேரி குழுவினர், புற்றணுக்கள் வெப்பத்திற்கு எளிதில் நலிவடைகின்றன எனத் தம் ஆய்வை வெளியிட்டனர். வெப்பம் மிகும்போது புற்றணு தன் சிதைவைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றலை இழக்கிறது. மருந்தும் திசுவினுள் எளிதாக நுழைகிறது. ஆயினும் அளவு சற்று மிஞ்சினால் நல்ல தசையும் வெந்துபோகும்.

அடுத்து வயிற்றறை. குடல், சூலகம் முதலியவற்றின் புற்று வயிற்றறைச் சவ்வில் விதைத்தாற்போலப் பரவும்போது, குருதி வழியே செல்லும் மருந்து அங்கே போதிய அளவு சேர்வதில்லை. 1980ஆம் ஆண்டு லூயிவில் நகரத்து ஸ்ப்ராட் குழுவினர் வெப்பமூட்டிய மருந்தை நேரடியாக வயிற்றறையில் சுழலவிட்ட முறையை வெளியிட்டனர். வாஷிங்டன் நகரத்துச் சுகர்பேக்கர், நோயுற்ற சவ்வையே உரித்தெடுக்கும் அறுவை முறைகளை வகுத்து இதனை வளர்த்தார். இன்று 'ஹைபெக்' என வழங்கப்படுவது இதுவே. கண்ணுக்குத் தெரியும் கட்டிகள் அனைத்தையும் முதலில் அகற்றுவர். பின்னர் ஏறத்தாழ 40 முதல் 43 செல்சியசு வரை சூடாக்கிய மருந்தை 30 முதல் 90 நிமிடம் வரை வயிற்றறையில் சுழலவிடுவர். மருந்து ஒருசில மில்லிமீட்டர் ஆழமே ஊடுருவும். எனவே அறுவை முழுமையாக அமையாவிடின் வெப்ப மருந்தால் பயனில்லை.

ஒப்பீடு கூறும் உண்மை

புதுமுறை என்பதாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் கூறுவதென்ன?

2003ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்வாளர்கள், பெருங்குடற் புற்று வயிற்றறையில் பரவிய 105 நோயாளிகளிடம் நிகழ்த்திய ஆய்வை வெளியிட்டனர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் பாதிப்பேர் உயிருடனிருந்த கால அளவு 12.6 திங்கள். விரிவான அறுவையும் வெப்ப மருந்தும் பெற்றோரிடம் அது 22.3 திங்களாக உயர்ந்தது. உலகமே வியந்தது. எனினும் ஒரு வினா எஞ்சியது. உயிர் காத்தது வெப்ப மருந்தா, அறுவையா?

அவ்வினாவிற்குப் பிரெஞ்சு நாட்டு ஆய்வு விடை கண்டது. 265 நோயாளிகள் அனைவருக்கும் முழு அறுவை செய்யப்பட்டது. ஒரு பகுதியினர்க்கு மட்டும் 43 செல்சியசு வெப்பத்தில் 30 நிமிடம் ஆக்சாலிபிளாட்டின் மருந்து சேர்க்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, மருந்து பெற்றோர்க்கு 41.7 திங்கள், பெறாதோர்க்கு 41.2 திங்கள். வேறுபாடு இல்லை என்றே கூறலாம். மாறாக, பின்னாளைய கடுஞ்சிக்கல்கள் மருந்து பெற்றோரிடமே மிகுந்தன. 30 நிமிடம் போதாது, மருந்தும் பொருத்தமானதன்று எனச் சிலர் வாதிடுவர். அவ்வாதத்தையும் ஆய்வே தீர்க்க வேண்டும்.

சூலகப் புற்றில் நிலைமை வேறு. 2018ஆம் ஆண்டு வெளியான நெதர்லாந்து ஆய்வில், 245 பெண்களுள் அறுவை மட்டும் பெற்றோர்க்கு 33.9 திங்களாக இருந்த கால அளவு, 40 செல்சியசில் சிஸ்பிளாட்டின் மருந்தும் சேர்த்துப் பெற்றோர்க்கு 45.7 திங்களாக இருந்தது. ஒரே முறை, இரு வேறு நோய், இரு வேறு மருந்து, இரு வேறு முடிவு. ஆகவே 'ஹைபெக் நல்லதா?' என்னும் வினாவே பொருத்தமற்றது. 'எந்த நோய்க்கு, எந்த நிலையில், யாருக்கு?' என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

குருதி சொல்லும் எண்

1965ஆம் ஆண்டு மாண்ட்ரியால் நகரில் கோல்ட், ஃபிரீட்மேன் ஆகியோர் குடற்புற்றில் சி.இ.ஏ. என்னும் பொருளைக் கண்டறிந்தனர். 1981ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்ட் குழுவினர் சூலகப் புற்றுடன் தொடர்புடைய சி.ஏ. 125 என்பதற்கு அடிகோலினர். அறுவைக்குப்பின் இவ்வெண்கள் இறங்குவதும் மீண்டும் ஏறுவதும் மருத்துவர்க்குப் பயன்தரும் குறிப்புகள். ஐயமில்லை.

ஆனால் குறி வேறு, தீர்ப்பு வேறு. புகைபிடிப்போரிடம் சி.இ.ஏ. சற்றுக் கூடியிருக்கும். சி.ஏ. 125 மாதவிலக்கிலும் கருவுற்ற காலத்திலும் கூடலாம். வயிற்றுக் காசநோயிலும் கூடும். காசநோய் மலிந்த நம் நாட்டில் இது முதன்மையாகக் கருதத்தக்கது. மாத்திரையால் தீரும் காசநோயைச் சூலகப் புற்றெனக் கருதி வயிற்றைத் திறந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

முன்கூட்டி அறிந்தால் நன்மை உறுதி என நாம் எண்ணுகிறோம். 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு அவ்வெண்ணத்தை அசைத்தது. சூலகப் புற்றுக்குச் சிகிச்சை முடித்து, சி.ஏ. 125 மீண்டும் ஏறிய 529 பெண்களுள் ஒரு சாரார்க்கு எண் ஏறியவுடனே மருந்து தரப்பட்டது. மறுசாரார்க்கு நோயின் அறிகுறி தோன்றிய பின்னரே தரப்பட்டது. முன்னவர்க்கு 25.7 திங்கள், பின்னவர்க்கு 27.1 திங்கள். விரைந்ததால் ஆயுள் கூடவில்லை. வாழ்வின் நலமே முன்னதாகக் குன்றியது. இங்கிலாந்தில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வும், நோயற்றோர்க்குச் சி.ஏ. 125 பார்ப்பதால் சூலகப் புற்று மரணங்கள் குறையவில்லை என 2021இல் முடிவு கூறியது.

நற்செய்தியும் உண்டு. கட்டியிலிருந்து குருதியில் உதிரும் மரபணுத் துணுக்குகளைத் தேடும் முறையை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் சோதித்தனர். இரண்டாம் நிலைப் பெருங்குடற் புற்றுடைய 455 பேர் அதில் பங்குபெற்றனர். வழக்கமான முறையில் 28 விழுக்காட்டினர் கீமோதெரபி பெற, குருதிக் குறியின் வழி நடந்த குழுவில் 15 விழுக்காட்டினரே பெற்றனர். இரண்டாண்டுகளில் நோய் திரும்பாதிருந்தோர் முறையே 92.4, 93.5 விழுக்காடு. வேண்டாத மருந்தைத் தவிர்க்க உதவிய இக்குறியே பயனுள்ள குறி. ஒரு பரிசோதனையின் மதிப்பு அது தரும் எண்ணில் இல்லை. அவ்வெண்ணால் நோயாளிக்கு விளையும் நன்மையில்தான் இருக்கிறது.

நம் கடமை

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் மருத்துவர் எண்ணிச் செயற்படவேண்டும் என்கிறது. நோயாளியையும் உடனிருந்து உதவுவோரையும் மருத்துவத்தின் உறுப்புகளாகவே அது எண்ணுகிறது. இன்றோ நம் வீடுகளில் நோயாளியிடமே நோயை மறைக்கிறோம். உடனிருப்போர் புரியாத ஆங்கிலத் தாளில் கையொப்பமிடுகின்றனர். நலமாயிருப்போர்க்கு 'முழுப் பரிசோதனை' என்ற பெயரில் குருதிக் குறிகளும் விற்கப்படுகின்றன.

'எண்களைச் சொன்னால் எளியவர் நம்பிக்கை இழப்பர்' என்பார் உளர். நாம் இதனை ஏற்கவில்லை. பொய்யான நம்பிக்கைக்காக நிலத்தை இழந்த குடும்பம், நோயாளியை இழந்தபின் எஞ்சிய வாழ்வையும் இழக்கிறது. உண்மையை அன்போடு சொல்வதும் மருத்துவமே.

எனவே இரண்டு கருத்துகளை இங்கு முன்வைக்கிறோம். ஒன்று, சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும் ஒவ்வொரு தாளும் தமிழில் இருத்தல் வேண்டும். 'இதனால் எவ்வளவு காலம் கூடும்? இதில் இடர் என்ன? இது இல்லாவிடில் என்ன ஆகும்?' என்னும் மூன்று வினாக்களுக்கேனும் அதில் விடை இருத்தல் வேண்டும். மற்றொன்று, அத்தாள்களை எழுதும் பணியில் தமிழ் பயின்றோர் மருத்துவர்க்குத் துணைநிற்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து நூல்களையும் ஆக்கினார். கடல்கடந்து வந்தவரால் இயன்றது நம்மால் இயலாதா?

முடிவுரை

அம்மாணவர் நம் ஆலோசனைப்படி மீண்டும் மருத்துவரிடம் சென்று, மேற்கண்ட மூன்று வினாக்களையும் தாயாரை அருகில் வைத்துக்கொண்டே கேட்டார். மருத்துவரும் பொறுமையுடன் தமிழில் விளக்கினாராம். என்ன செய்வது என்பதைத் தாயாரே முடிவு செய்தார். அம்முடிவு யாது என நாம் இங்கு எழுதவில்லை, அது அவர்க்குரியது. புரிந்துகொண்டு எடுத்த முடிவு என்பதே நமக்குப் போதும்.