இரண்டரை ஏக்கர் பாட்டி

எலெக்ட்ரானிக் சிட்டியில் வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் தமிழ்தான் அதிகம் கேட்கும். கர்நாடக அரசின் கியோனிக்ஸ் 332 ஏக்கரில் உருவாக்கிய இந்தப் பேட்டையிலிருந்து கோவைக்கும் சேலத்துக்கும் பாட்டியைப் பார்க்கக் கிளம்பும் பேரப்பிள்ளைகள். அப்படியொரு வெள்ளிக்கிழமை, 2024 செப்டம்பர் 27 அன்று, மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் பாப்பம்மாள் காலமானார். வயது 108 என்றன சில பத்திரிகைகள்; 109 என்றன வேறு சில. அந்தக் காலத்தில் பெண் குழந்தை பிறந்த தேதியை யார் குறித்து வைத்தார்கள்!

சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். மளிகைக் கடை நடத்தினார், கூடவே சாப்பாட்டுக் கடை. சேர்ந்த காசில் சுமார் பத்து ஏக்கர் வாங்கினார். சகோதரியின் பிள்ளைகளை வளர்த்தார். காரமடை ஒன்றியக் கவுன்சிலராகவும் இருந்தார். வயதான காலத்தில் இரண்டரை ஏக்கரோடு நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது நிலத்தைத்தான், வேலையை அல்ல.

2021-ல் பத்மஸ்ரீ வந்தது, இயற்கை விவசாயத்துக்காக. கடைக்கும் அடுப்படிக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. கோவை வந்த பிரதமர் மோடி அவரை வணங்கிய படம் நாடெங்கும் வெளியானது. பாட்டியோ பழைய தி.மு.க.காரர், கடைசி வரை அப்படியே. 2024-ல் கட்சி அவருக்குப் பெரியார் விருது அறிவித்தது. நூறைத் தாண்டிய பிறகும் விடிந்ததும் அவரைத் தேடுகிறவர்கள் வாழைத் தோட்டத்துக்குத்தான் போகவேண்டியிருந்தது.