பொது நிரல்மரத்தைக் காப்பது யார் பொறுப்பு?

மடிக்கணினியில் லினக்ஸை நிறுவியதும் வைஃபை தானாக இணைந்துவிட்டால் எவரும் நன்றி சொல்வதில்லை. இணையாதபோதுதான் ‘இயக்கி’ என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியவருகிறது. அத்தகைய இயக்கிகளைப் பயனரிடம் சேருமுன் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ‘வயர்லெஸ்-டெஸ்டிங்’ என்னும் பொது நிரல்மரம் நெடுங்காலமாகப் பேணப்பட்டு வந்துள்ளது.

அதன் தேவை எளிதில் விளங்கக்கூடியது. லினக்ஸ் கெர்னலின் புதிய பதிப்பு 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை வெளியாகிறது. கோப்பு முறைமை, வரைகலை, வலையமைப்பு என அனைத்துப் பிரிவுகளின் மாற்றங்களும் ஒருசேரக் கலந்துவிட்டால், வழு எங்கிருந்து வந்தது என்று அறிவது கடினம். எனவே லினஸ் டோர்வால்ட்ஸின் முதன்மை மரத்தை அடித்தளமாகக் கொண்டு, கம்பியில்லா இணைப்பு சார்ந்த புதிய மாற்றங்களை மட்டும் அதன்மேல் சேர்க்கிறார்கள். அங்கே வைஃபை அறுந்தால் ஐயத்தின் வட்டம் சுருங்கிவிடுகிறது. 1,000 மாற்றங்களில் ஒன்றே காரணம் என்றாலும், பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்தால் ஏறத்தாழ 10 சோதனைகளில் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

இதை இயந்திரமே செய்துவிடாதா? வன்பொருள் இல்லாமலேயே வைஃபை அட்டைபோல் இயங்கும் போலி இயக்கி ஒன்று கெர்னலிலேயே உண்டு. நெறிமுறைப் பிழைகள் பலவற்றை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் உண்மையான சில்லு, அதன் ஃபர்ம்வேர், எதிரே உள்ள ரவுட்டர், உறக்கநிலையிலிருந்து கணினி விழிக்கும் தருணம் ஆகியவை கூடும்போது எழும் வழுக்களை அது அறியாது. அதற்கு அந்த அட்டையைக் கையில் வைத்திருக்கும் மனிதர் வேண்டும்.

கெர்னலுக்கு எழுதுவோரில் பெரும்பாலோர் இன்று ஊதியம் பெறுபவர்களே. பிறகு தன்னார்வலர் எதற்கு என்று வாதிடுவோர் உண்டு. அது பாதி உண்மை. நிறுவனம் இன்று விற்கும் சில்லுக்கு ஊதியம் தரும். நெடுநாள் முன்பு விற்றதற்குத் தருவது அரிது. கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியல் இவ்வேறுபாட்டை மறைப்பதில்லை. ஊதியம் பெறும் ஆள் இருந்தால் ‘சப்போர்ட்டட்’. எவரேனும் பார்த்துக்கொண்டால் ‘மெயின்டெய்ன்ட்’. எப்போதாவது ஒரு திருத்தம் வந்தால் ‘ஆட் ஃபிக்சஸ்’. ஒருவரும் இல்லையெனில் ‘ஆர்ஃபன்’, அதாவது அனாதை. இச்சொற்களுக்கு இடையே நிற்பது பலவேளைகளில் ஒரு தனிமனிதரின் ஓய்வு நேரம் மட்டுமே.

இந்தியாவுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. கைமாறி வரும் பழைய மடிக்கணினியே இங்கு எத்தனையோ மாணவர்களுக்கு முதல் கணினி. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினிக் கல்வி தருகின்றன. இயக்கி ஒன்று அனாதையாகும்போது அந்தக் கணினிகளும் மெல்லப் பயனிழக்கின்றன. ஆயினும் நம் கல்வி நிலையங்களில் பெரும்பாலானவை இந்த மரத்தின் நிழலில் அமர்கின்றனவே தவிர, அதற்கு நீர் ஊற்றுவதில்லை.

இதற்குப் பெரும் நிதி தேவையில்லை. பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களில் பழைய அட்டைகள் தூசி படிந்து கிடக்கின்றன. ஒவ்வொரு முன்வெளியீட்டையும் அவற்றில் இயக்கிப் பார்த்து, வழுவை முறையாக எழுதி அனுப்புவதைச் செய்முறைத் தேர்வின் ஒரு பகுதியாக்கி மதிப்பெண் அளிக்கலாம். நிரல் எழுதுபவரை மட்டுமே பங்களிப்பாளர் என்று கருதும் வழக்கமும் மாறவேண்டும். ‘இந்த அட்டையில் சோதித்தேன், வேலை செய்கிறது’ என்ற ஒற்றை வரியும் பங்களிப்புதான். அதை எழுத ஆள் இல்லாத இயக்கிகளே முதலில் அனாதையாகின்றன.