விடை சரி, காரணம் தவறு

ஜிமேட் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களிடம் எந்தப் பகுதி உதைக்கிறது என்று கேட்டால், கணக்கு என்று சொல்பவர்கள் நம் ஊரில் குறைவு. பொறியியல் முடித்து, சில ஆண்டுகள் மென்பொருள் நிறுவனத்தில் இருந்துவிட்டு எம்.பி.ஏ.வுக்கு முயல்பவர்களே இங்கு மிகுதி. எண்களுக்கு அவர்கள் அஞ்சுவதில்லை. அவர்கள் கைகாட்டுவது ‘சி.ஆர்.’ என்று சுருக்கமாக வழங்கும் கிரிட்டிகல் ரீசனிங்கை. ஐந்தாறு வரியில் ஒரு வாதம், அதன்மேல் ஒரு கேள்வி, ஐந்து விடைகள். மூன்றை எளிதில் தள்ளிவிடலாம். மிச்சமிருக்கும் இரண்டில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். “இங்கிலீஷ்தான் சார் பிரச்சினை” என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

1953-ல் அமெரிக்காவில் ஒன்பது வணிகக் கல்வி நிறுவனங்கள் கூடிப் பேசியதில் பிறந்து, 1954-ல் முதல்முறையாக நடத்தப்பட்ட தேர்வு இது. ஜிமேட் என்ற பெயர் 1976-ல் வந்தது. இப்போதைய வடிவம் 2023 நவம்பரில் அறிமுகமானது: கணக்கு, மொழி, தரவு என மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம், மூன்றுக்கும் சம எடை. இந்த மாற்றத்தில் வாக்கியப் பிழை திருத்தும் வினாக்கள் நீக்கப்பட்டன. இலக்கண விதிகளை உருப்போட்டே கணிசமாக மதிப்பெண் எடுக்க முடிந்த பகுதி அது. மொழிப் பகுதியின் 23 வினாக்களில் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே வகை. ஒன்று பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வது, மற்றது வாதத்தை எடைபோடுவது. ஒரு வினாவுக்குச் சராசரியாக இரண்டு நிமிடம்கூட இல்லை. மனப்பாடத்துக்கு இருந்த கடைசி இடமும் போனதால், சி.ஆர். பயிற்சியின் மதிப்பு முன்னைவிடக் கூடியிருக்கிறது.

ஆங்கிலம்தான் தடையா என்று பார்த்துவிட எளிய வழி, ஒரு வினாவைத் தமிழிலேயே போட்டுப் பார்ப்பதுதான். கீழே உள்ளது இந்தக் கட்டுரைக்காக அமைத்த கற்பனை வினா.

‘ஒரு நகரில் பெண்களுக்குப் பேருந்துக் கட்டணம் நீக்கப்பட்டது. அடுத்த ஓராண்டில் அந்நகரப் பேருந்துகளில் பெண்களின் பயண எண்ணிக்கை 40 விழுக்காடு கூடியது. ஆகவே, முன்பு வெளியே செல்லாதிருந்த பெண்கள் பலர் இத்திட்டத்தால் வெளியே வரத் தொடங்கியுள்ளனர்.’

பின்வருவனவற்றுள் எது உண்மையானால் இந்த வாதம் பெரிதும் வலுவிழக்கும்?

அ) திட்டத்தால் போக்குவரத்துக் கழகத்தின் இழப்பு அதிகரித்தது.
ஆ) அதே ஓராண்டில் நகரின் ஷேர் ஆட்டோக்களில் பெண்களின் பயணம் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் குறைந்தது.
இ) ஆண்களின் பேருந்துப் பயணத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.
ஈ) நகரின் பெண்களில் சிலருக்கு இத்திட்டம் பற்றியே தெரியாது.
உ) பேருந்தில் நெரிசல் கூடியதால், வழக்கமாகப் பேருந்தில் சென்ற பெண்கள் சிலர் ஸ்கூட்டருக்கு மாறினர்.

இலவசத் திட்டங்கள் மீது கோபம் உள்ளவரின் கை ‘அ’வை நோக்கிப் போகும். இழப்பு பெரிய விஷயம்தான். ஆனால் இந்த வாதம் இழப்பைப் பற்றிப் பேசவே இல்லை. பெண்கள் புதிதாக வெளியே வந்தார்களா என்பது மட்டுமே இங்கே வழக்கு. திட்டத்தை ஆதரிப்பவருக்கு வேறொரு சிக்கல். ‘ஆ’ சரியான விடை என்று தெரிந்தாலும் மனம் ஒப்பாது. “அதனால் மட்டும் யாரும் புதிதாக வெளியே வரவில்லை என்று நிரூபணமாகிவிடுமா?” என்று கேட்பார். ஆகாதுதான். ஆனால் கேள்வி நிரூபணம் கேட்கவில்லை, வலு குறைகிறதா என்றுதான் கேட்டது. ‘உண்மையானால்’ என்று சொன்னபின் அந்தத் தகவலின் மெய்ம்மையை ஐயுறவும் நமக்கு உரிமை இல்லை.

‘உ’ இன்னும் நுட்பமான பொறி. பேருந்தைவிட்டுச் சிலர் போனார்கள் என்பது திட்டத்துக்கு எதிரான செய்திபோலத் தோன்றும். போனவர்களைக் கழித்தும் எண்ணிக்கை 40 விழுக்காடு கூடியிருக்கிறது என்றால், வந்து சேர்ந்த பயணங்கள் அதைவிட அதிகம் என்றல்லவா ஆகிறது? தொனி எதிர்ப்பு, விளைவு ஆதரவு. ‘இ’யும் அப்படித்தான்: நகரில் எல்லோருடைய பயணமுமே கூடியிருக்கலாம் என்ற ஐயத்தை அது விலக்கி, வாதத்துக்குச் சற்றுத் தோள்கொடுக்கிறது.

இதில் ஆங்கிலம் எங்கே வந்தது? தமிழில் படித்தும் ‘அ’வைத் தொட்டவர், ஆங்கிலத்தில் படித்தாலும் அதையேதான் தொடுவார். விடைகளைப் பார்ப்பதற்கு முன்பே கண்ணில் பட்டிருக்க வேண்டிய விரிசல் ஒன்றும் இதில் உண்டு. ஆதாரம் பேசுவது பயணங்களை. முடிவு பேசுவது பெண்களை. வாரம் இருமுறை சந்தைக்குப் போனவர் நான்குமுறை போனாலும் பயண எண்ணிக்கை கூடும், ஒரு புதிய பெண்கூட வெளியே வராமலே. எண்ணப்பட்டது ஒன்று, முடிவு கட்டப்பட்டது வேறொன்று என்னும் இந்த நழுவல்தான் சி.ஆர். வினாக்களில் பெரும்பகுதியின் உயிர்நிலை.

ஆங்கிலம் ஒரு தடையே அல்ல என்று சாதிக்க வரவில்லை. ‘அன்லெஸ்’, ‘ஒன்லி இஃப்’ போன்ற கட்டுமானங்களில் தடுக்கி விழுபவர்கள் உண்டு. அயல்மொழியில் படிப்பதால் போகும் நொடிகளும் உண்டு. ஆனால் அவை ஒருசில வாரப் பயிற்சியில் சரியாகும் குறைகள். அச்சிட்டதை அப்படியே ஏற்றுக்கொள்ளும் பழக்கம் பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் ஊறியது.

நம் பாடப்புத்தகங்களில் ‘கூற்று – காரணம்’ வினாக்கள் இருக்கின்றனவே என்று யாரேனும் கேட்கலாம். இருக்கின்றன, அருமையான வடிவமும்கூட. ‘கூற்றும் சரி, காரணமும் சரி, ஆனால் காரணம் கூற்றுக்குச் சரியான விளக்கம் அல்ல’ என்ற அந்த ஒரு தெரிவுக்குள் தருக்கவியலின் பாதி அடங்கிவிடும். நாம் அதை எப்படிப் பழக்குகிறோம்? இரண்டு வரியும் பாடத்தில் இருக்கிறதா என்று பார். இருந்தால் அது விளக்கம் என்று நோட்ஸில் போட்டிருக்கிறதா என்று பார். சிந்திக்க வைத்திருக்க வேண்டிய வினா நினைவாற்றல் வினாவாகச் சுருங்கிவிட்டது.

இத்தனைக்கும் வாதத்தைப் பிரித்து மேய்வது நமக்குப் புதிதில்லை. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குக் கற்பிப்பது பெரும்பாலும் இதைத்தான். நாட்டப்படும் பக்கம், அதற்கு ஏது, அதைத் தாங்கும் திட்டாந்தம் என்று வாதத்தை உறுப்புகளாகப் பிரிப்பதோடு, ஒவ்வொன்றும் எப்படியெல்லாம் போலியாகும் என்று வகைவகையாகப் பட்டியலிடுகிறது அந்தப் பகுதி. ஒரு காப்பியத்தின் நடுவே தருக்கப் பாடம்! தமிழ் இலக்கிய மாணவர்களில் பலர் அந்தக் காதையை வறட்சி என்று தாண்டிப் போவதைப் பார்க்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது பயிற்சிக்கு வருவோம். தேர்வர்களிடையே பெருமையாகச் சொல்லப்படுவது எண்ணிக்கை: எத்தனை வினா போட்டாய், எத்தனை மாக் டெஸ்ட் எழுதினாய். தவறான வினாக்களை ‘எரர் லாக்’ என்ற பெயரில் குறித்து வைப்பதும் பரவலாகி இருக்கிறது. நல்லதுதான், ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை. இருபது வினாவில் எட்டில் இரண்டு விடைகளுக்கு நடுவே தடுமாறினீர்கள் என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூடச் சராசரியாக நான்கு சரியாக விழும். திரையில் பச்சை எரிந்ததும் அந்த நான்கையும் மறந்துவிடுகிறோம். சிவப்பு எரிந்த நான்கு மட்டும் லாகில் ஏறுகின்றன. நமக்குப் புரியாதவற்றில் சரிபாதி வெற்றிக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மதிப்பெண் ஒரு கட்டத்துக்கு மேல் நகராமல் நிற்பதாகப் புலம்புபவர்களில் பலரின் சிக்கல் இதுதான் என்று கருதுகிறேன். ஜிமேட், சரியாக விடையளிக்க அளிக்க வினாவைக் கடினமாக்கிக்கொண்டே போகும் தேர்வு. வீட்டில் கைகொடுத்த அதிர்ஷ்டம் அங்கே நெடுநேரம் நிற்காது.

எனவே லாகில் ஏற வேண்டியது தடுமாறிய ஒவ்வொரு வினாவும். விடை சரியா தவறா என்பது இரண்டாம் பட்சம். விடைக்குறிப்பைத் திறக்கும் முன் மூன்றை எழுதிவிட வேண்டும்: வாதத்தின் முடிவு என்ன, ஆதாரத்துக்கும் முடிவுக்கும் இடையே உள்ள விரிசல் எது, தள்ளிய நான்கையும் ஏன் தள்ளினேன். தமிழில் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். விரிசலைத் தாய்மொழியில் ஒரு வாக்கியமாகச் சொல்ல வரவில்லை என்றால், பழியை ஆங்கிலத்தின்மேல் போட வழியில்லாமல் போகும்.

பயிற்சி மையங்கள் கற்றுத்தரும் உத்திகள் எல்லாமே வீண் என்பதில்லை. வாதம் சொல்லாமல் சார்ந்திருப்பது எது என்று கேட்கும் வினாக்களில், விடையை எதிர்மறையாக்கிப் பார்க்கச் சொல்வார்கள். ‘கூடிய பயணங்கள் எல்லாமே வேறு வாகனங்களிலிருந்து மாறியவை அல்ல’ என்பதை எதிர்மறையாக்கி, ‘எல்லாமே மாறியவைதான்’ என்று வைத்தால் நம் பேருந்து வாதம் சரிந்துவிடுகிறது. ஆகவே வாதம் நிற்பது அந்த அனுமானத்தின்மேல்தான். இது செப்படி வித்தை இல்லை, முறையான தருக்கம். ஆனால் “‘ஆகவே’ என்ற சொல் எங்கே வருகிறதோ அதுதான் முடிவு”, “‘எல்லா’, ‘ஒருபோதும்’ என்று வந்தால் அடித்துவிடு” போன்ற ஷார்ட்கட்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. முடிவு முதல் வரியிலேயே, எந்த அடையாளச் சொல்லும் இல்லாமல் நிற்கலாம். பத்தியின் தொடக்கத்தில் வருவது ஆசிரியர் மறுக்கப்போகும் அடுத்தவர் கருத்தாகவும் இருக்கலாம். அழுத்தமான சொற்கள், ‘இதிலிருந்து உறுதியாகப் பெறப்படுவது எது’ என்ற வினாவில் சந்தேகத்துக்குரியவை. வாதத்தை உடைக்கும் வினாவில் அவையே விடையாக வரலாம். வினாவின் வகை மாறினால் விதியும் தலைகீழாகும் என்பதைச் சொல்லாமல் விதியை மட்டும் கொடுப்பது, மாணவரிடம் பாதி மருந்துச்சீட்டைக் கொடுத்து அனுப்புவது போன்றது.

வினாக்களின் தரமும் முக்கியம். உண்மைத் தேர்வில் பல்லாயிரம் பேர் எழுதி, பின்னர் கழிக்கப்பட்ட வினாக்களைத் தேர்வு நடத்தும் அமைப்பே நூலாக வெளியிடுகிறது. இலவச மாதிரித் தேர்வுகளும் தருகிறது. சந்தையில் கிடைக்கும் மற்ற தொகுப்புகள் பலவற்றில், சரியான விடைக்கு நிகராகவே இன்னொரு விடையும் நிற்கும். அதில் முட்டி மோதுபவர், தன் சிந்தனைதான் கோணல் என்று எண்ணிச் சரியாக இருந்ததையும் மாற்றிக்கொள்வார். சட்டப் படிப்புக்கான எல்சேட் தேர்வின் பழைய வினாக்களை ஜிமேட் தேர்வர்கள் நாடுவது இதனால்தான். 2024 ஆகஸ்டில் அந்தத் தேர்விலிருந்து புதிர் வகை வினாக்கள் நீக்கப்பட்டு, அதன் மையமாக வாதப் பகுப்பாய்வே நிற்கிறது.

இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம் கட்டி எழுதும் ஒரு தேர்வைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்று தோன்றலாம். இதே திறனை வேறு வாசல்களும் கேட்கின்றன. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் எம்.பி.ஏ. தேர்வில் ஒரு வணிகச் சூழலைத் தந்து, அதில் வருபவை முதன்மை நோக்கமா, முக்கியக் காரணியா, அனுமானமா, பொருட்படுத்தத் தேவையில்லாததா என்று பிரிக்கச் சொல்வார்கள். ஜிமேட்டில் ஒருகாலத்தில் இருந்து கைவிடப்பட்ட வினாவகை அது. குடிமைப் பணித் தேர்வில் 2011-ல் வந்த சி-சேட் தாள், பத்தியின் அனுமானம் எது, அதிலிருந்து பெறப்படுவது எது என்று ஆண்டுதோறும் கேட்கிறது. 2015 முதல் அதில் 33 விழுக்காடு எடுத்தால் போதும். அந்த 33-ஐ எட்டாமல், முதல் தாளில் நல்ல மதிப்பெண் பெற்றும் வெளியேறுபவர்கள் உண்டு. அந்தத் தாளின் வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே தரப்படுகின்றன என்பது நம் மாணவர்களுக்கு இரட்டைச் சுமை.

மொழிச் சுமையைக் குறைக்க ஒன்றிய அரசிடம் கேட்க வேண்டியது தனி. சிந்தனைச் சுமையைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 முதல் நடக்கிறது. போட்டித் தேர்வுப் பயிற்சிக்கு அதில் தனிப் பிரிவே உண்டு. அந்தப் பிரிவு தமிழில் ஒரு வாதப் பயிற்சித் தொகுப்பை வெளியிட வேண்டும். ஆயிரம் வினா தேவையில்லை, நூறு போதும். ஒவ்வொன்றிலும் சரியான விடை ஏன் சரி என்பதோடு நிறுத்தாமல், மற்ற நான்கும் ஏன் தவறு என்பதையும் தெளிவாக எழுதித் தர வேண்டும். கலை அறிவியல் கல்லூரிகளின் இரண்டாம் ஆண்டில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், ஓர் ஆண்டுக்குள் அந்த நூறையும் வகுப்பிலேயே விவாதித்து முடித்துவிடலாம்.