எந்த மொழியில் சொல்வது?

புற்றுநோய்ச் சிகிச்சையைத் தொடர்வதா, நிறுத்துவதா என்னும் கேள்விக்கு நோயாளியே விடை கூற வேண்டும். இதில் நமக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆயின், கல்முனைக் கரையோரத்தில் பல வேளைகளில் அவ்விடையைக் கூறுவது நோயாளியன்று. பஸ் கட்டணமும், தூரமும், விளங்காத மொழியுமே கூறுகின்றன.

சில மாதங்களுக்கு முன் சம்மாந்துறை விவசாயி ஒருவர் தம் வயற்காணியை மகளுக்கு நன்கொடை உறுதி எழுதிக் கொடுக்க நம்மிடம் வந்தார். வாய்ப் புற்றுநோய்க்காக வெளிமாகாண வைத்தியசாலையொன்றில் கதிர்ச் சிகிச்சை பெற்றவர், பாதியிலேயே ஊர் திரும்பிவிட்டார். வாயெல்லாம் புண், சோறு இறங்கவில்லை, கஞ்சியும் எரிந்தது. இனிப் போவதில்லை என முடிவு செய்துவிட்டார்.

“காக்கா, இந்த வேதனையை வைத்தியரிடம் சொன்னீர்களா?” என வினவினோம்.

“எந்தப் பாசையில சொல்றது, சேர்?” என்றார் அவர்.

சம்மதப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்பதும் அவருக்குத் தெரியாது. காட்டிய இடத்தில் கையொப்பமிட்டிருக்கிறார். நாம் எழுதிய உறுதியை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்ட மனிதருக்கு, அவருடைய உடலைப் பற்றிய பத்திரத்தை ஒருமுறையேனும் வாசித்துக் காட்ட ஒருவர் இருக்கவில்லை!

இதனைத் தீர்மானம் என்று நாம் ஏற்பதற்கில்லை. வாய்ப்புண்ணுக்கு மருந்துண்டு, விழுங்க இயலாதவருக்குக் குழாய் வழியே உணவூட்டலாம். கீமோதெரபியால் வரும் வாந்தியை அடக்கவும் மருந்துகள் உள. தேவையாயின் வைத்தியர் மருந்தின் அளவைக் குறைப்பார். அல்லது சற்று இடைவெளி கொடுப்பார். வாய்க்குக் கொடுக்கப்படும் கதிர்ச் சிகிச்சையோ பொதுவாக வாரத்தில் ஐந்து நாட்களாக ஆறேழு வாரங்கள் நடைபெறுவது. இடையில் விட்டால் எஞ்சிய நோய் மீண்டும் பெருகும். குணமடையும் வாய்ப்புக் குறையும். சிகிச்சை முடிந்தபின் அப்புண்கள் சில வாரங்களில் பெரும்பாலும் ஆறிவிடும். இவற்றுள் ஒன்றையும் அவர் அறிந்திருக்கவில்லை.

சட்டம் கூறுவது யாது? தெளிந்த சிந்தையுடைய வயதுவந்த ஒருவர், உயிருக்கே ஆபத்தாயினும் சிகிச்சையை மறுக்கலாம் என 1992இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. நோயாளி முக்கியமெனக் கருதக்கூடிய ஆபத்துகளையும் மாற்று வழிகளையும் வைத்தியர் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர் என 2015இல் ஐக்கிய இராச்சியத்தின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்புகள் இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. எனினும், அறியாதவன் அளித்த சம்மதம் சம்மதமாகாது என்னும் நியாயத்திற்குக் கடல் எல்லையில்லை.

நம் சொந்த அரசியலமைப்பும் ஊமையன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தமோ, சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பிரதேசத்திலும் அரச உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்பு கொள்ளும் உரிமையை நமக்கு வழங்கியுள்ளது. நோய்ப்படுக்கையில் கிடைக்காத உரிமை ஏட்டில் இருந்தென்ன பயன்?

எந்நிலையிலும் சிகிச்சையைத் தொடர்ந்தேயாக வேண்டும் என நாம் கூறவில்லை. குணமாக்க முடியாத நிலையில், எஞ்சிய நாட்களை வீட்டில் மக்களோடு கழிக்க ஒருவர் விரும்பினால் அது கோழைத்தனமன்று, ஈமானின் குறைவுமன்று. நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே, வலிப்பு நோயுற்று வந்த பெண்மணியிடம், பொறுமை காப்பதா, குணத்திற்காகத் தாம் பிரார்த்திப்பதா என்னும் தெரிவை விட்டார்கள். சிகிச்சையை நிறுத்துதல் கைவிடுதலாகவும் இருத்தலாகாது. பொஸ்டன் நகரில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரிடையே நடத்தி 2010இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வேதனை தணிக்கும் பராமரிப்பைத் தொடக்கத்திலேயே பெற்றவர்கள் நிம்மதியாகவும் ஏறத்தாழ மூன்று மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தனர்.

ஆகவே, முடிவெடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இச்சிகிச்சை குணமாக்கவா, நாட்களை நீட்டவா? இவ்வேதனைகளில் எவை நீங்கும், எவை நிலைக்கும்? நிறுத்தினால் என் வலியைக் கவனிப்பவர் யார்?

அரசாங்கத்திடம் நாம் கேட்பனவும் உண்டு. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு உள்ளது. மகரகமவோ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். கிழக்கின் பிரிவுக்கு ஆளும் கருவியும் மருந்தும் குறைவின்றி வழங்குக! 2022இன் நெருக்கடியில் மருந்தும் எரிபொருளும் இன்றி நோயாளர் பட்ட பாடு மீண்டும் வேண்டாம். சம்மதப் பத்திரம் தமிழிலும் இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அருகில் நிற்கட்டும். கல்முனையின் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் வடக்கு வைத்தியசாலையிலும் வலி தணிக்கும் பராமரிப்பு வலுப்பெறட்டும்.

அவ்விவசாயியைச் சிங்களம் அறிந்த அவர் மருமகனோடு, வேதனைகளை இரு மொழியிலும் எழுதிய கடிதமொன்றைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம். உறுதி நம் அலுமாரியில் ஒப்பமிடப்படாமல் இருக்கின்றது. எல்லாம் கேட்டறிந்தபின் அவர் அதில் ஒப்பமிட வரலாம், வராமலும் விடலாம். எதுவாயினும், அது அவருடைய தீர்மானமாக இருக்கட்டும்.