குழாய்க்குக் காசு குடுத்தாங்களாம்!

போன ஞாயிறு பக்கத்து சொசைட்டியில் ஒரு சஷ்டியப்தபூர்த்தி. வடோதராவில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் பாதி அங்கேதான். இலை போட்டு, பருப்பு விழுந்து, சாம்பார் வருவதற்குள் பேச்சு வீட்டு கேஸ் பில்லில் ஆரம்பித்து உக்ரைனுக்குப் போய்விட்டது. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியராக இருந்து ரிட்டயரானவர். நான் மதிக்கிற பெரியவர். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"உக்ரைன்காரனுக்கு அந்த பைப்லைனைச் சரி பண்ணிக்கோன்னு உலகமே காசை நீட்டிச்சு. ஐரோப்பா, உலக வங்கி எல்லாரும். அவன் வாங்கி முழுங்கிட்டான். இப்போ குழாய் காலியாக் கிடக்கு. தலையெழுத்து! நீங்க பேங்க்காரர், உங்களுக்குத் தெரியாததா?"

பந்தியே தலையாட்டியது. கையில் சோறு இருந்ததால் நானும் ஆட்டி வைத்தேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. பேங்க்காரனுக்குத் தெரியாததா என்று கேட்டார் அல்லவா? தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். சார் இதைப் படிப்பார் என்று தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டார் என்றும் தெரியும் :-)

முதலில் பொருள் என்னவென்று பார்ப்போம். உக்ரைனில் சுமார் 38,000 கிலோமீட்டர் கேஸ் குழாய், எழுபதுக்கும் மேல் கம்ப்ரசர் நிலையங்கள், சுமார் 3,100 கோடி கன மீட்டர் கேஸைத் தேக்கி வைக்கிற நிலத்தடிக் கிடங்குகள். எல்லாம் சோவியத் காலத்துச் சொத்து. 1967-ல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போன குழாய்க்கு 'சகோதரத்துவம்' என்று பேர். அப்புறம் 'ஒன்றியம்', 'முன்னேற்றம்'. (பேர் வைப்பதில் நம்ம அரசாங்கத் திட்டங்களை மிஞ்சிவிட்டார்கள்.) சைபீரியாவின் உரெங்காயிலிருந்து உக்ரைனின் மேற்கு எல்லையில் உள்ள உஷ்கரட் வரை 1983-84-ல் முடிந்த குழாய்தான் பெரிசு, கிட்டத்தட்ட 4,450 கிலோமீட்டர். ஒரு காலத்தில் ஐரோப்பாவுக்கு ஆண்டுக்கு 14,000 கோடி கன மீட்டர் வரை இந்த வழியாகப் போயிருக்கிறது.

குழாய்க்குள் கேஸ் தானாக ஓடாது. போகப் போக அழுத்தம் குறையும். நூறு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஒருமுறை கம்ப்ரசர் வைத்துத் தள்ள வேண்டும். அதை ஓட்டுகிற டர்பைன் அந்தக் குழாயிலிருந்தே கேஸை எடுத்து எரிக்கும். பழைய டர்பைன் அதிகம் தின்னும். நவீனப்படுத்துவது என்றால் பெரும்பாலும் இதுதான்: டர்பைனை மாற்று, துருப்பிடித்த இடத்தை வெட்டிப் புதுக்குழாய் போடு, அளக்கிற மீட்டரைப் புதுசாக வை.

2009 ஜனவரியில் விலைத் தகராறில் ரஷ்யா உக்ரைன் வழியே போகிற கேஸை முழுக்க நிறுத்தியது. ஜனவரி 7 முதல் 20 வரை. பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் நடுங்கிவிட்டன. அப்போது ரஷ்யாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கேஸில் ஏறக்குறைய 80 சதவீதம் இந்த வழியாகத்தான் போனது. உடனே மார்ச் 23-ம் தேதி பிரஸ்ஸல்ஸில் மாநாடு. ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய முதலீட்டு வங்கி, ஐரோப்பிய மறுகட்டமைப்பு வளர்ச்சி வங்கி, உலக வங்கி, உக்ரைன் எல்லாரும் சேர்ந்து ஒரு கூட்டு அறிவிக்கை வெளியிட்டார்கள். உக்ரைன் கொண்டுவந்த திட்டத்தின் மதிப்பு சுமார் 250 கோடி யூரோ. ரஷ்யக் குழு பாதியில் எழுந்து போய்விட்டது. கேஸை அனுப்புகிறவன் வெளியே போன பிறகு குழாயைப் பற்றி உள்ளே கையெழுத்து!

சார் சொல்கிற 'உலகமே நீட்டின காசு' இதுதான். எவ்வளவு வந்தது? முதலில் கேஸ் துறையைச் சீர்திருத்து, பிறகு பார்க்கலாம் என்றார்கள். அதே வருஷம் ஜூலையில் 170 கோடி டாலர் என்று ஒரு பேச்சு, அதுவும் நிபந்தனையோடு. பெரிசாகச் சொல்லும்படி கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2014 டிசம்பரில். இரண்டு ஐரோப்பிய வங்கிகளும் தலைக்கு 15 கோடி யூரோ, உரெங்காய்-உஷ்கரட் குழாயில் 119 கிலோமீட்டருக்கு. ஐந்தே முக்கால் வருஷத்துக்கு அப்புறம், கேட்டதில் எட்டில் ஒரு பங்கு. முழுங்குவதற்கு முதலில் இலையில் விழ வேண்டும் சார்.

இப்போது அடுத்த பக்கம் பாருங்கள். பிரஸ்ஸல்ஸ் அறிவிக்கை வந்து சரியாக ஒரு வருஷம் கழித்து, 2010 மார்ச்சில், உக்ரைனைச் சுற்றிக்கொண்டு பால்டிக் கடலுக்கு அடியில் ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குப் போகிற நார்ட் ஸ்ட்ரீமின் முதல் கட்டத்துக்கு 26 வங்கிகள் சேர்ந்து 390 கோடி யூரோ கடன் கொடுத்தன. 2011 நவம்பரில் கேஸ் ஓடியது. பங்குதாரர்களில் ஜெர்மன், டச்சு, பிரெஞ்சுக் கம்பெனிகள். 2002-ல் உக்ரைன் குழாயை ரஷ்யா, ஜெர்மனி, உக்ரைன் மூன்றும் கூட்டாக நடத்தலாம் என்று கையெழுத்துப் போட்ட அதே ஜெர்மன் பிரதமர் ஷ்ரோடர், 2005-ல் இந்தக் கடலடிக் குழாய்க்கு ஒப்பந்தம் ஆனபோது பக்கத்தில் நின்றார். பதவி போனதும் அந்தக் கம்பெனியின் பங்குதாரர் குழுவுக்கே தலைவரானார்.

ஒரே ஐரோப்பா. இடது கையால் பழைய கடைக்கு வெள்ளையடிக்க உதவுகிறேன் என்றது, வலது கையால் அந்தக் கடைக்கு யாரும் வராதபடி பைபாஸ் போட்டது.

அந்த 26 வங்கிகளை நான் திட்டப் போவதில்லை. அவர்கள் செய்தது சுத்தமான பேங்க் வேலை. கேஸ் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும் குழாய் வாடகையைக் கட்டுவேன் என்று காஸ்ப்ரோமின் நீண்டகால ஒப்பந்தம் கையில் இருந்தது. வரவு உறுதி, கடன் கொடுத்தார்கள். உக்ரைன் குழாய்க்கு அந்த ஒரு காகிதம் இல்லை. யாரும் வாங்கித் தரவும் இல்லை.

வாங்கித் தரத் தெரியாதா? 1970 பிப்ரவரி 1-ம் தேதி ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் ஒரே நாளில் மூன்று ஒப்பந்தம். மானஸ்மான் சோவியத்துக்குக் குழாய் விற்கும். டாய்ச்ச வங்கி தலைமையில் வங்கிகள் அதற்குக் கடன் தரும். ரூர்காஸ் இருபது வருஷத்துக்கு கேஸ் வாங்கும். கேஸ் விற்ற காசில் கடன் அடையும். பனிப்போர் காலம், எதிரும் புதிருமான நாடுகள், ஆனால் கணக்கு நேர். என்னிடம் கேட்டால், குழாய் விஷயத்தில் நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு என்று ஒன்று நடந்தது என்றால் அது அன்றைக்குத்தான் நடந்தது. வாங்குகிறவன், விற்கிறவன், கடன் தருகிறவன் மூன்று பேரும் ஒரே மேஜையில். 1982-ல் உரெங்காய் குழாய்க்கு சாமான் போகக் கூடாது என்று ரீகன் தடை போட்டபோது, தாட்சர் அம்மையாரே எதிர்த்துச் சண்டை போட்டார் என்றால் அந்தக் கணக்கு எவ்வளவு கெட்டியாக இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2009-ல் மேஜையில் கடன்காரன் மட்டும் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டான்.

உக்ரைன் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. வாங்கின விலைக்குக் கீழே வீடுகளுக்கு கேஸ் விற்று ஓட்டு வாங்கினார்கள். 2014-ல் நாஃப்டோகாஸின் பற்றாக்குறை மட்டும் நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்துக்கு மேல். நடுவில் சுவிட்சர்லாந்தில் பதிவான ஒரு தரகுக் கம்பெனி உட்கார்ந்து பல வருஷம் லாபம் பார்த்தது. அதில் பாதி காஸ்ப்ரோமுடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2007-ல் குழாயை யாருக்கும் விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்று சட்டம் போட்டு, கூட்டாளி வரும் வாசலையும் சாத்திக்கொண்டார்கள். 2014-ல் 49 சதவீதம் வரை தரலாம் என்று சட்டத்தை மாற்றியபோது ஒருத்தரும் வரவில்லை. இந்தப் பார்ட்டிக்கு நானும் யோசித்துத்தான் கடன் கொடுப்பேன். ஆனால் யோசிக்கிறேன் என்று சொல்வேன். உதவிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

இந்த இடத்தில் என் கதை ஒன்று சொல்லியாக வேண்டும். கடை எது, ஆள் யார் என்று சொல்ல மாட்டேன், உத்தியோக தர்மம். வடோதராவிலிருந்து பரூச் போகிற பழைய நெடுஞ்சாலையில் நம்ம ஊர்க்காரர், திருநெல்வேலிப் பக்கம், ஒரு மெஸ் வைத்திருந்தார். லாரிக்காரர்களும் காரில் போகிறவர்களும் காலை நாலு மணிக்கே இட்லிக்கு நிற்பார்கள். 2022-ல் ஏசி ஹால், புது கிச்சன், பார்க்கிங் எல்லாம் போட முப்பத்தைந்து லட்சம் கேட்டார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரமாதம். மூணு வருஷ விற்பனைக் கணக்கு, நிலத்தின் மேல் அடமானம், எல்லாம் சரி. பரிந்துரைக் குறிப்பில் கையெழுத்து நான்தான் போட்டேன். பக்கத்தில் எக்ஸ்பிரஸ்வே வேலை நடந்துகொண்டிருந்தது. தினமும் அந்த மண்மேட்டைப் பார்த்துக்கொண்டுதான் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனேன். 2024 பிப்ரவரியில் வடோதரா-பரூச் எக்ஸ்பிரஸ்வே திறந்தார்கள். கார்கள் அத்தனையும் மேலே ஏறிப் போய்விட்டன. 2025-ல் கணக்கு என்.பி.ஏ.

அண்ணாச்சி கிளைக்கு வந்து உட்கார்ந்து ஒரே வார்த்தைதான் கேட்டார். "சார், அடுப்பு புதுசா எரியுது, வண்டி எங்க சார்?" பதில் இல்லை என்னிடம். கடனை நான் கொடுத்தேன், அவர் முழுங்கவில்லை. ஆபீஸ் ரிவ்யூவில் "கடன்தாரரின் நிர்வாகக் குறைபாடு" என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அதனால்தான் பந்தியில் சார் "முழுங்கிட்டான்" என்றபோது சாம்பார் தொண்டையில் நின்றது.

சரி, குழாய்க்கு வருவோம். அதே 2009-ல், அறிவிக்கைக்கு இரண்டு மாதம் முன்னால், ஜனவரி 19-ல், உக்ரைனும் காஸ்ப்ரோமும் பதினோரு வருஷ ஒப்பந்தம் போட்டன. வருஷத்துக்கு 11,000 கோடி கன மீட்டராவது இந்தக் குழாயில் அனுப்புவேன் என்று அதில் ஒரு ஷரத்து. காஸ்ப்ரோம் அவ்வளவு அனுப்பவில்லை. உக்ரைன் ஸ்டாக்ஹோம் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2018-ல் தீர்ப்பு. தான் கேஸ் வாங்கின பாக்கியெல்லாம் கழித்து, வட்டியோடு சேர்த்து 290 கோடி டாலர் 2019 டிசம்பரில் உக்ரைன் கைக்கு வந்தது. யூரோவில் மாற்றிப் பாருங்கள், பிரஸ்ஸல்ஸ் திட்டத்தின் மொத்தச் செலவுக்கு ஈடு. இந்த ஷரத்தை உதவி என்று யாரும் சொல்லவில்லை. மாநாடு கூட்டவில்லை.

நம்ம வீட்டு வாசலுக்கும் இது வந்தது. கெயில் 2012-ல் காஸ்ப்ரோமின் சிங்கப்பூர்க் கம்பெனியோடு இருபது வருஷ திரவ கேஸ் ஒப்பந்தம் போட்டிருந்தது. 2018-ல் கப்பல் வர ஆரம்பித்தது. 2022-ல் போர் தொடங்கியதும் அந்தக் கம்பெனியின் தாய்க் கம்பெனியை ஜெர்மன் அரசு தன் பொறுப்பில் எடுத்தது. மே மாதத்திலிருந்து நமக்குக் கப்பல் வரவில்லை. நம்ம உரத் தொழிற்சாலைகளுக்கு கேஸைக் குறைத்தார்கள். கெயில் லண்டனில் 180 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டு, 2025 ஜனவரியில் 28.5 கோடி டாலருக்கு சமாதானம் ஆனது. கேட்டதற்குக் கொசுறுதான். ஆனாலும் காகிதம் இருந்தது, அதனால் கொசுறாவது கிடைத்தது.

உக்ரைன் குழாயில் 2024-ல் போனது சுமார் 1,500 கோடி கன மீட்டர். படையெடுப்புக்கு நடுவிலும், இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டிருக்கும்போதும், ஒப்பந்தம் இருந்த வரைக்கும் போனது. ஒப்பந்தம் முடிந்தது, 2025 ஜனவரி 1 காலையில் நின்றது. நார்ட் ஸ்ட்ரீம் குழாய்களில் பெரும்பாலானவை 2022 செப்டம்பரில் குண்டு வைத்துக் கடலுக்கடியில் உடைக்கப்பட்டுவிட்டன. 26 வங்கிகளின் நல்ல கணக்கும் கடைசியில் அங்கேதான் போய் நின்றது, அது வேறு கதை.

மறுத்துப் பேச வருகிறவர்கள் தாராளமாக வரலாம். சாருக்கு முதல் வரிசை. ஒரே வேண்டுகோள்: அந்த பிரஸ்ஸல்ஸ் அறிவிக்கையில் இந்தக் குழாய் வழியாக ஒரு கன மீட்டராவது அனுப்புகிறேன் என்றோ, வாங்குகிறேன் என்றோ யாராவது எழுதிக் கொடுத்த வரியைக் காட்டிவிட்டு, அப்புறம் யார் முழுங்கினார் என்று ஆரம்பியுங்கள்.