வீதி விளையாட்டுக்கும் இடம் வேண்டும்

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டிங் சேர்க்கப்பட்டதன் பின்னே இளைஞர் சந்தையைக் குறிவைத்த வணிகக் கணக்கு உண்டு. அதற்காக அவ்விளையாட்டையே ஒதுக்குவது சரியன்று.

பிரேசிலின் சாவோ பாலோ நகரில் 1988இல் மேயர் ஜானியோ குவாட்ரோஸ் அதனைத் தடைசெய்தார்; அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற தொழிலாளர் கட்சி மேயர் லூயிசா எருந்தினா அத்தடையை நீக்கினார். அதே நாட்டின் 13 வயதுச் சிறுமி ரெய்சா லியால் டோக்கியோவில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் கிராமத்தில், தன்னார்வ முயற்சியால் 2015இல் உருவான களத்தில் ஆதிவாசிக் குழந்தைகளும் யாதவக் குழந்தைகளும் சேர்ந்தே விளையாடுகின்றனர். 2036 ஒலிம்பிக்கை நடத்தத் துடிக்கும் ஒன்றிய அரசு, முதலில் ஊர்தோறும் கட்டணமில்லாப் பொதுத் திடல்களை அமைக்கட்டும். அக்கோரிக்கையை மக்களிடம் கொண்டுசெல்வது நமது கடமை.